வெயிலும் நீரிழிவும்

தலைநகரில் மந்திர் மார்க் என இன்று வழங்கும் வீதிக்கு முன்னாளில் ரீடிங் ரோடு என்று பெயர். 1939-இல் காந்தியடிகள் திறந்து வைத்த லட்சுமி நாராயணர் ஆலயமும், நம்மவர் நடத்தும் தமிழ்ப் பள்ளியும் அங்கேதான் உள்ளன. மார்கழி மாதத்து உச்சிப்பொழுதில் அவ்வீதியில் நின்று பார்த்தால், நம் நிழல் நம்மைவிட நீண்டிருக்கும். அதே நாளில் சென்னையில் நிற்பவருடைய நிழல் அவர் உயரத்தில் முக்கால் பங்குக்கு மேற்படாது. இந்த வேற்றுமைக்கும் நமது எலும்புக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

கதிரவனின் புற ஊதாக் கதிர் தோலில் படும்போது வைட்டமின் டி உருவாகிறது. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்பதற்கு அது இன்றியமையாதது. கதிர்கள் சாய்ந்து வந்தால் காற்று மண்டலத்திலேயே பெரிதும் வடிகட்டப்பட்டு விடுகின்றன. நிழல் உடலைவிட நீண்டிருக்கும் வேளையில் இச்சத்து அதிகம் விளையாது என்பது ஒரு தோராயக் கணக்கு. அதன்படி, தில்லியில் நவம்பர் முதல் வாரம் தொடங்கி பிப்ரவரி முதல் வாரம் வரை காயும் வெயில் சுகமானது, பயனோ குறைவு. மூடிய கண்ணாடிச் சன்னலுக்குப் பின் அமர்ந்தால் அதுவும் இல்லை. புகை மண்டலம் வேறு குறுக்கே நிற்கிறது. புகை மிகுந்த மோரி கேட் குழந்தைகளுக்குக் குர்காவ் குழந்தைகளைவிட இச்சத்து பாதிக்கும் குறைவாக இருந்ததை 2002-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டிற்று.

இனி நீரிழிவுக்கு வருவோம். நீரிழிவால் கண்ணோ சிறுநீரகமோ நரம்போ கெட்டவர்களின் இரத்தத்தில் வைட்டமின் டி குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டன. ஆகவே அச்சத்தை உண்டால் அக்கேடுகள் நீங்கும் என்று நம்மில் பலர் முடிவு கட்டிவிட்டனர். ஆயின், பார்வை மங்கியவர் வெளியே செல்வது அரிது. சிறுநீரகம் கெட்டால் இச்சத்து சிறுநீரோடும் கழியும். எது காரணம், எது காரியம் என்று சோதித்தன்றோ அறிய வேண்டும்? அமெரிக்காவில் அவ்வாறே சோதித்தார்கள். நீரிழிவை நெருங்கியிருந்த 2,423 பேரிடம் நடத்திய சோதனையில், இச்சத்து நோயைக் குறிப்பிடத்தக்க அளவு தடுக்கவில்லை. நீரிழிவுள்ள 1,312 பேரை ஐந்தாண்டுகள் கவனித்ததில் சிறுநீரகத்தையும் அது காக்கவில்லை. இரு முடிவுகளும் 2019-இல் வெளிவந்தன.

குறையிருந்தால் எலும்பின் பொருட்டு அதை நிரப்பத்தான் வேண்டும். ஆனால் அறுபதாயிரம் யூனிட் பொட்டலத்தைக் கடையில் வாங்கி, வாரந்தோறும் கணக்கின்றி உண்பது தகாது. சுண்ணாம்புச் சத்து இரத்தத்தில் மிகுந்து சிறுநீரகத்தையே தாக்கும். கண்ணையும் சிறுநீரகத்தையும் காப்பவை சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அடக்கி வைப்பதே என்பதை 1998-இல் பிரிட்டனில் முடிவுற்ற நெடிய ஆராய்ச்சி நிலைநாட்டியது. ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டுதல், சிறுநீரில் புரதம் கழிகிறதா என்று பார்த்தல், பாதத்தின் உணர்ச்சியைச் சோதித்தல் ஆகிய மூன்றையும் தள்ளிப்போட்டுப் பொட்டலத்தை நம்புகிறவர் பார்வையையே பணயம் வைக்கிறார்.

பாதத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். கால் மரத்துப் போவதெல்லாம் வைட்டமின் டி குறைவினால் அன்று. மெட்பார்மின் மாத்திரையை நெடுங்காலம் உண்பவர்களுக்கு, சிறப்பாகச் சைவ உணவினருக்கு, பி-12 சத்து குறைந்தும் அவ்வாறு ஆகலாம். வைத்தியரிடம் அதையும் கேட்பது நலம். மரத்த கால் சூட்டை அறியாது. கோடையில் கோயில் பிராகாரத்துக் கல்லில் வெறுங்காலுடன் வலம் வந்து, கொப்புளம் கண்ட பின்னரே உணர்வோர் உண்டு. தில்லிக் குளிரிலோ ஹீட்டரும் வெந்நீர்ப் பையும் அதே தீங்கைச் செய்யும். அத்தகையோர் வெந்நீர்ப் பையைப் படுக்கையில் காலடியில் வைத்துக்கொள்ளலாகாது, காலுறையே போதும். கால் கழுவும் நீரின் சூட்டையும் முழங்கையால் தொட்டுப் பார்த்த பின்பே பாதத்தை வைக்க வேண்டும்.