பால்துளி கற்பிக்கும் பாடம்



தட்டில் மெல்லிய படலமாகப் பாலை ஊற்றி, ஒரு சாண் உயரத்திலிருந்து அதன்மேல் ஒரு பால்துளியை விழச் செய்தால், மணிமுடி போன்றதொரு வடிவம் எழுந்து மறைகிறது. இமை கொட்டி முடியுமுன் அதன் வாழ்வு முடிந்துவிடுகிறது.

வீட்டில் இதைப் படம்பிடிக்க முனைபவரை மூன்று இடர்கள் எதிர்கொள்கின்றன. முதலாவது வேகம். தட்டைத் தொடும்போது துளி வினாடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் வேகத்தில் விரைகிறது. காமிராவின் ஷட்டர் 1/60 வினாடி திறந்திருந்தால், அதற்குள் துளி 3 சென்டிமீட்டர் கடந்துவிடும். படத்தில் வெறும் கோடுதான் மிஞ்சும். இரண்டாவது தெளிவு. மிக நெருங்கி எடுக்கும்போது தெளிவாகப் பதியும் ஆழம் சில மில்லிமீட்டரே. துளி விழும் இடத்தில் ஊசியொன்றை நிறுத்தி, அதற்கேற்ப லென்சைச் சரிசெய்துவிட்டு, ஊசியை அகற்றுவது கைகண்ட வழி. மூன்றாவது ஒளி. தெளிவின் ஆழத்தைக் கூட்ட லென்சின் துளையைச் சுருக்கினால் வெளிச்சம் குறைந்துபோகிறது.

இதற்குத் தீர்வு இருள்தான். அறையை இருட்டாக்கி, ஷட்டரைத் திறந்து வைத்து, குறைந்த ஆற்றலில் ஃபிளாஷ் விளக்கை ஒருமுறை மின்னச் செய்ய வேண்டும். 1/10000 வினாடி மட்டுமே அது ஒளிர்ந்தால், துளி நகர்வது 0.2 மில்லிமீட்டர்தான். அசைவை நிறுத்துவது ஷட்டரன்று, ஒளியின் குறுமையே. ஆயினும் உரிய கணம் வாய்க்கப் பலமுறை முயல வேண்டும்.

இம்முயற்சிக்கு ஒரு முன்னோடி உண்டு. ஆங்கில இயற்பியலறிஞர் ஆர்தர் வொர்திங்டன் 1870களிலேயே இருட்டறையில் துளியை விழச் செய்து, மின்பொறி வெளிச்சத்தில் கண்ணில் பதிந்ததைக் கையால் வரைந்தார். அவர் வெளியிட்ட ஓவியங்களில் துளியின் முடி எப்பக்கமும் ஒத்த சீர்மையோடு விளங்கியது. 1894இல் புகைப்படம் கைகூடியபோதோ, முடி கோணலாகவும், கிளைகள் ஏறியும் இறங்கியும் தெரிந்தன. பழைய வரைவுகளை அவர் எடுத்துப் பார்த்தார். கோணல் வடிவங்கள் அங்கேயே இருந்தன! கண் பொய் சொல்லவில்லை. அழகானவற்றைப் பொறுக்கியெடுத்து, மற்றவற்றைத் தற்செயற் பிழையென்று கை ஒதுக்கியிருந்தது. அதை அவர் மறைக்காமல் எழுதி வைத்தார்.

கவிஞருக்கும் இதே சோதனை நேர்கிறது. கண்டதை ஒதுக்கிவிட்டு, ஓசைக்கு இசைந்ததை எழுதிவிடும் தருணங்கள் உண்டு. பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் கவிஞர்கள், தத்தம் குறிப்பேடுகளில் ஒதுக்கி வைத்த கோணல் வரிகளை மீண்டும் ஒருமுறை பார்ப்பது நன்று.