கண்ணில்லாதவர் படித்த கணக்கு
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



தோட்டத்தில் கிராணி செக்ரோல் எழுதுகிறார். யார் வந்தார், யார் வரவில்லை என்பது அதில் தெரிந்துவிடும். நாடாளுமன்றத்துக்கும் அப்படி ஒரு ஏடு உண்டு. ஹன்சார்ட் என்பார்கள். நம் மலேசிய மக்களவைக் குறிப்புக்கும் அதே பெயர்தான். பிரிட்டனில் 1812இல் அதைப் பொறுப்பேற்ற அச்சுக்காரரின் குடும்பப் பெயர் அது. பழைய ஏடுகளில் பெரும்பாலும் பத்திரிகைச் செய்திகளைத் திரட்டியே எழுதினார்கள். அதனால் "நான்" என்று பேசியவர் "அவர் சொன்னார்" என்று அச்சாகியிருப்பார். வேடிக்கைதான்!

அந்த ஏடுகளில் ஹென்றி பாசெட் என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். 1833இல் சாலிஸ்பரியில் ஒரு துணிக்கடைக்காரருக்குப் பிறந்தவர். 25 வயதில், வேட்டைக்குப் போன இடத்தில், சொந்தத் தகப்பனார் சுட்ட குண்டு சிதறி இரண்டு கண்ணும் போய்விட்டது. அந்தத் தகப்பன் மனசு என்ன பாடுபட்டிருக்கும், யோசித்துப் பாருங்கள். ஆனால் பிள்ளை முடங்கிக் கிடக்கவில்லை. 1863இல் கேம்பிரிட்ஜில் பொருளாதாரப் பேராசிரியர். 1865இல் பிரைட்டன் தொகுதி உறுப்பினர்.

பிறர் வாசித்துக் காட்ட, காதால் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்த புள்ளிவிவரங்களைக் கையில் துண்டுச் சீட்டுகூட இல்லாமல் சபையில் அடுக்குவார். 1867இல் திருமணமான பிறகு, மனைவி மில்லிசென்ட்தான் அவருக்குக் கண். பின்னாளில் பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய அதே அம்மையார்தான்.

அதே 1867இல் துருக்கி சுல்தான் லண்டனுக்கு வந்தார். இந்தியா ஆபீசில் பெரிய நடன விருந்து. செலவை யார் தலையில் கட்டினார்கள் தெரியுமா? இந்திய மக்கள் தலையில்! உப்புக்கும் வரி கட்டிய ஏழை, தான் பார்க்காத விருந்துக்குப் பணம் கொடுக்க வேண்டுமாம். இது என்ன நியாயம் என்று பாசெட் சபையில் கேட்டார். இந்திய வரவு செலவுக் கணக்கு வந்தாலே பாதி உறுப்பினர்கள் எழுந்து போய்விடுவார்கள். இவர் உட்கார்ந்து கேள்வி கேட்பார். 1871 முதல் 1874 வரை இந்திய நிதியை ஆராய்ந்த குழுவில் அதிகாரிகளைத் துருவித் துருவி விசாரித்தார். "இந்தியாவின் உறுப்பினர்" என்றே பேர் வந்துவிட்டது. இத்தனைக்கும் அவர் இந்தியாவுக்கு ஒருதரம்கூட வந்ததில்லை.

வயலில் வேலை செய்யும் கூலிக்காரர் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று வாதாடியதும் அவர்தான். பெற்றோர்களே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆலையில் வேலை பார்த்த பிள்ளைக்குப் படிப்புச் சட்டம் இருந்தது. வயல்காட்டுப் பிள்ளைக்கு இல்லை.

1874இல் பிரைட்டனில் தோற்றார். சில வாரத்தில் ஹேக்னியில் நின்று ஜெயித்தார். அந்தத் தேர்தல் செலவுக்கு இந்தியாவிலிருந்தே மக்கள் பணம் திரட்டி அனுப்பினார்கள். ஓட்டுரிமை இல்லாத ஜனங்கள், வேறொரு நாட்டுத் தேர்தலுக்குக் கொடுத்த காசு அது!

1880இல் தபால் இலாகா அவர் கைக்கு வந்தது. ஒரு பென்னி தபால்தலைகளை ஒவ்வொன்றாக வாங்கித் தாளில் ஒட்டி, 12 சேர்ந்ததும் தபால் நிலையத்தில் ஒரு ஷில்லிங்காகச் சேமிக்கலாம் என்று ஏற்பாடு செய்தார். 1883இல் பார்சல் தபாலும் வந்தது. மறு வருஷம் நவம்பர் 6ஆம் தேதி, 51 வயதில் காலமானார். அந்த வருஷம் வரைக்கும் ஹன்சார்டில் அவர் பேச்சு இருக்கிறது. இப்போது அதைக் கணினியிலேயே வாசிக்கலாம்.