பாடசாலை வலையமைப்பில் கோப்புப் பகிர்வு: எதைப் பார்ப்பது, எதைப் பாராதிருப்பது

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டப் பாடசாலைகளிலிருந்து குருவிட்ட நகருக்கு வந்திருக்கும் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர்களே, அதிபர்களே, இக்கருத்தரங்குக்கு நான் தலைமை தாங்குகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினிக்கூடத்தில் எந்தக் கணினி எவ்வளவு தரவை, எந்தத் திசையில் அனுப்புகிறது என்று நாம் பார்க்கத்தான் வேண்டும். அந்தத் தரவைத் திறந்து வாசிக்கக் கூடாது. அதற்கு நமக்கு உரிமையும் இல்லை, தேவையும் இல்லை.

தேவையில்லை என்பதை முதலில் விளக்குகிறேன். உயர்தர வகுப்பு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது; ஒரு பக்கமும் திறக்கவில்லை. இணைப்பில் பழுது என்று எண்ணிச் சேவை நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுக்கிறோம். அதற்கு முன் ரவுட்டரின் பக்கத்தைப் பாருங்கள். ஒரேயொரு கணினி நூற்றுக்கணக்கான வெளி முகவரிகளோடு ஒரே நேரத்தில் இணைந்திருக்கும். இணையத்தளம் பார்ப்பவரின் கணினி நிறையப் பெறும், கொஞ்சமே அனுப்பும். இதுவோ ஓயாமல் அனுப்பிக்கொண்டும் இருக்கும். பிட்டொரென்ட் என்ற கோப்புப் பகிர்வு முறை ஓடுகிறது என்று சந்தேகிக்க இந்த இரண்டு அடையாளமும் போதும். 2001இல் பிராம் கோஹன் உருவாக்கிய அம்முறையில், கோப்பின் ஒரு துண்டைப் பெற்றவர் அப்போதே அதைப் பிறருக்குக் கொடுக்கவும் தொடங்குகிறார். ஏடிஎஸ்எல் இணைப்பிலோ பதிவேற்ற வழி மிகக் குறுகியது. அது நிரம்பினால், ‘கிடைத்தது’ என்று மற்றக் கணினிகள் திருப்பி அனுப்ப வேண்டிய சின்னஞ்சிறு பொதிகளும் வரிசையில் நிற்கும். அந்தப் பதில் வராமல் மறுமுனை மேற்கொண்டு அனுப்பத் தயங்கும். தரவிறக்க வழி வெறுமையாகக் கிடக்க, வகுப்பு முழுவதும் காத்திருப்பது இதனால்தான். இத்தனையும் கண்டுபிடித்தோம், ஒரு மாணவியின் ஒரு கோப்பையும் திறக்கவில்லை.

பிட்டொரென்டைத் தடுக்க 6881 முதல் 6889 வரையான துறைகளை (ports) அடைத்தால் போதும் என்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. மென்பொருள்கள் துறையை மாற்றிக்கொள்கின்றன; 2006 அளவில் பொதியின் அடையாளத்தை மறைத்து அனுப்பவும் தொடங்கிவிட்டன.

பிட்டொரென்ட் என்றாலே களவு என்று முடிவுகட்டுவதும் பிழை. 2007இல் அமெரிக்காவின் கொம்காஸ்ட் நிறுவனம் பொய்யான துண்டிப்புப் பொதிகளை அனுப்பி இந்த இணைப்புகளை அறுத்தது. அதைக் கண்டறிந்த ரொப் டொபோல்ஸ்கி என்பவர் அப்போது பகிர முயன்றவை பழைய காலக் குழுப்பாடல்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர்கள் சோதனைக்காக அனுப்பிய பைபிளும் தடைப்பட்டது. அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு 2008இல் நிறுவனத்தைக் கண்டித்தது. ஆணைக்குழுவுக்கு அந்த அதிகாரம் இல்லையென்று 2010இல் நீதிமன்றம் ஆணையை நீக்கியது. வழக்கு எப்படி முடிந்தாலும், பாட்டையும் பைபிளையும் தடுத்த கருவி நம் கூடத்துக்கு வேண்டாம்.

கூடத்துக்குள்ளேயே நடக்கும் பகிர்வை நான் வரவேற்கிறேன். ஒரே கடந்தகால வினாத்தாளை வகுப்பே தனித்தனியாகத் தரவிறக்குவது காசை வீணாக்குவது. ஒரு கணினியில் வைத்துப் பகிருங்கள். இந்திய ஐஐடி விடுதிகளில் மாணவர்கள் டிசி++ என்ற பகிர்வு மென்பொருள் வழியாக வெளி இணைப்பைத் தொடாமலே பகிர்ந்துவந்தார்கள். உள்ளே நடப்பதற்கும் ஒரு கண் வேண்டும்தான். 2017 மே மாதம் வொன்னாகிரை என்ற தீநிரல் பரவியது விண்டோஸ் கோப்புப் பகிர்வின் 445ஆம் துறை வழியாக. ஒரு கணினி திடீரென மற்ற எல்லாவற்றின் 445ஐயும் தட்டத் தொடங்கினால், முதலில் வயரைக் கழற்றுங்கள், விசாரணை பிறகு.

இனி உரிமை. லயத்துப் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் கணினி இல்லை. மின்னஞ்சல், விண்ணப்பப் படிவம், வெளியூரில் வேலைசெய்யும் தாய்க்கு எழுதுவது எல்லாம் நம் கூடத்தில்தான். பொதிகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை இயக்கி அவற்றைச் சேமிப்பது, ஒரு மாணவியின் கொப்பியை அவளுக்குத் தெரியாமல் வாசிப்பதற்குச் சமம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர் பற்றிய தரவைச் சிறப்பு வகையில் சேர்த்திருக்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் இதை நான் எதிர்ப்பேன்.

இன்று மாலைக்குள் இந்த அவையிடம் இரண்டு தீர்மானங்களை எதிர்பார்க்கிறேன்: ரவுட்டரின் பதிவுகளை எத்தனை நாள் வைத்திருப்பது, அவற்றை யார் பார்க்கலாம். எதைக் கண்காணிக்கிறோம் என்று கூடத்தின் கதவில் ஒட்டுவதற்கு, பத்தாம் தரப் பிள்ளைக்கும் விளங்கும் தமிழில் ஓர் அறிவித்தலும் எழுதித் தாருங்கள். முதலாவது அமர்வின் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.