மழலைக்கு இரு மொழி



பெங்களூரு நீலசந்திராவில் வளரும் குழந்தையின் செவியில் பல மொழிகள் வந்து விழுகின்றன. வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் கன்னடம், அடுத்த வீட்டு வாசலில் உருது. என் மகளுக்கு இரண்டு வயது நிறைந்தபோது அவள் தெளிவாகச் சொன்ன சொற்கள் இரண்டே: ஒன்று ‘அம்மா’; மற்றொன்று ‘ஹாலு’.

‘பால்’ என்னாமல் ‘ஹாலு’ என்கிறாளே என்று வேலூரிலிருந்து தொலைபேசியில் பேசிய என் மாமியார் வருந்தினார். அதில் வருந்த ஒன்றுமில்லை. பழங்கன்னடத்திலும் அது ‘பால்’தான், சொல்லின் முதலில் நின்ற பகரம் பிற்காலத்தில் ஹகரமாகத் திரிந்தது. பல் ‘ஹல்லு’ ஆனதும், புலி ‘ஹுலி’ ஆனதும் அவ்வாறே. உறவினர் வீட்டிலிருந்து குழந்தை ஒரு சொல்லை எடுத்து வந்தாள், அவ்வளவே.

கவலைக்குரியது வேறு. ஒத்த வயதுப் பிள்ளைகள் சொற்களைச் சேர்த்துப் பேச, இவள் பேசவில்லை. “இரண்டு மொழி பேசிக் குழந்தையைக் குழப்பிவிட்டீர்கள், ஒன்றை விட்டுவிடுங்கள்” என்றனர் அக்கம்பக்கத்தார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நானும் அதை நம்பினேன். தாலாட்டை நிறுத்தினேன், அரைகுறைக் கன்னடத்தில் அவளோடு பேசினேன். அம்மொழியில் எனக்குக் கொஞ்சவும் தெரியாது. கதை சொல்லவும் தெரியாது. வீடு ஊமையாயிற்று. இவ்வாறு நான்கு திங்கள் கழிந்தன.

ஒரு நாள் குக்கர் கூவியபோது திரும்பிப் பார்த்தவள், பின்னால் நின்று நான் மெல்ல அழைத்தபோது திரும்பவில்லை. மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அடிக்கடி வந்த சளியினால் செவிப்பறைக்குப் பின்னே நீர் கோத்திருந்தது. பஞ்சடைத்த காதில் விழுவதுபோலவே எங்கள் பேச்சு அவளுக்குக் கேட்டிருக்கிறது. சிகிச்சையால் அது நீங்கியபின் சொற்கள் வந்தன. தமிழிலும் வந்தன, கன்னடத்திலும் வந்தன.

இரு மொழி கேட்டு வளர்வதனால் பேச்சு தாமதமாவதில்லை என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிவு. ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே சொற்கள் குறைவாகத் தோன்றலாம்; இரண்டையும் கூட்டி எண்ணினால் அக்குறை தோன்றாது. இரு மொழியையும் கலந்து பேசுவதும் இயல்பே. ஆனால், 16 மாதத்தில் ஒரு சொல்லும் வாராவிடினும், இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிடினும் காலந்தாழ்த்தலாகாது. முதலில் செவியைச் சோதிக்க வேண்டும். பேச்சுக்கும் செவிக்குமென்றே 1965-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அகில இந்திய நிறுவனம் மைசூரில் இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளிலும் இச்சோதனை உண்டு. குழந்தைக்கு இதனால் வலி ஏதுமில்லை.

வெளிமாநிலத்தில் வளரும் நம் குழந்தைக்கு அண்டை வீட்டாரின் மொழி கட்டாயம் வேண்டும். அதற்காகத் தாலாட்டை நிறுத்த வேண்டுவதில்லை. பேசாத பிள்ளையைக் கண்டால் மொழியின்மேல் பழி போடாதீர்கள், செவியைப் பாருங்கள். நான் வீணாக்கிய நான்கு திங்களை நீங்களும் வீணாக்க வேண்டாம்.