தூதரின் கண்ணும் நம் வீட்டுப் படமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தாராகிய நமக்கு, சீனத்தில் ஒரு பிரெஞ்சுத் தூதர் எடுத்த நிழற்படங்களால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு.

1857இல் பிறந்த அகஸ்த் பிரான்சுவா, 1896 முதல் தென்சீனத்து லுங்சௌவிலும், பின்னர் 1904 வரை யுன்னான் மாநிலத்துக் குன்மிங்கிலும் பிரெஞ்சுக் கான்சலாக இருந்தார். மாளிகைக்குள் முடங்கிக் கிடவாமல், காமிராவும் கண்ணாடித் தகடுகளுமாகத் தெருவில் இறங்கினார். சந்தையையும், பிச்சைக்காரரையும், அபினி புகைப்போரையும், தேயிலைப் பாரம் சுமந்து மலையேறும் கூலியாட்களையும் படம் பிடித்தார். அவர் எடுத்த அசையும் படங்கள், சீனத்தின் தொடக்ககாலத் திரைப்படங்களுள் வைத்து எண்ணப்படுகின்றன.

அவர் துறவியல்லர், குன்மிங்குக்கு இருப்புப்பாதை போட விழைந்த வல்லரசின் அலுவலர். 1900இல் அவர் ஆயுதங்களோடு நகருக்கு வந்ததால் மக்கள் கொதித்தெழுந்தனர். 1910இல் இருப்புப்பாதையும் வந்தது. பின்னர் சீனத்து மன்னராட்சி மறைந்தது, பிரெஞ்சுப் பேரரசும் மறைந்தது, படங்களோ நின்றன. 1990களின் பிற்பகுதியில் அவை குன்மிங்குக்குத் திரும்பியபோது, அந்நகரத்தார் தம் பாட்டன் நடந்த தெருவைக் கண்டனர்.

ஆனால், சுமை தூக்கிய அந்த மனிதன் யார்? அவன் பெயர் என்ன? படம் சொல்லாது. அயலான் கண் உருவத்தைக் காட்டும். பெயரை உரியவரே சொல்ல வேண்டும்.

இனி நம் கதைக்கு வருவோம். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கோட்டைத் தேசப்படத்தில் எவரும் காணலாம். அக்கோட்டின் இருபுறமும் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த வாழ்வை எங்கே காண்பது? பாலராமபுரத்துக் குழித்தறி, பனையேறியின் அரிவாள், கருப்புக்கட்டி காய்ச்சிய அடுப்பு, களியக்காவிளைச் சந்தைக்கு நடந்த பெண்டிர் — இவற்றை எந்தத் தூதர் வந்து படம் பிடிப்பார்?

நாமே பிடிக்க வேண்டும். இன்று நம் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் காமிரா இருக்கிறது. திருமணத்தைப் படம் எடுக்கும் நாம், பாட்டியார் அரிசி புடைப்பதையும் எடுப்போம். பெட்டியடியில் கிடக்கும் பழைய படங்களை வெளியே எடுத்து, ஊர், ஆண்டு, பெயர் மூன்றையும் அவற்றின் பின்புறம் தமிழில் எழுதுவோம். பெயர் தெரிந்த முதியோர் நம்மிடையே இருக்கும்போதே எழுதுவோம்.

நம் முன்னோர் பெயரற்ற உருவங்களாக நின்றுவிடலாகாது. வாழ்க தமிழ்!