ஜீத்து ஜோசப்பின் இரண்டு மகள்கள்



குமுளியிலும் கம்பத்திலும் வண்டிப்பெரியாற்று எஸ்டேட் லயங்களிலும் ‘திருஷ்யம்’ பார்க்காத வீடு அரிதாகத்தான் இருக்கும். மலையாளத்தில் பார்க்காதவர்கள் தமிழில் ‘பாபநாசம்’ பார்த்திருப்பார்கள். கதை நடப்பது நம் இடுக்கி மாவட்டத்து ராஜாக்காட்டில். பெரும்பகுதியை எடுத்தது தொடுபுழாவைச் சுற்றி. இன்றைய உரை, அந்தப் படத்தை எழுதி இயக்கிய ஜீத்து ஜோசப்பைப் பற்றியது.

1972-ல் பிறந்தவர். தந்தை வி. வி. ஜோசப் மூவாற்றுப்புழாவின் எம்.எல்.ஏ.வாக இருந்தவர். மகன் அரசியல் பக்கம் போகாமல் இயக்குநர் ஜெயராஜிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 2007-ல் ‘டிடெக்டிவ்’ வந்தது. நடுவில் ‘மம்மி அண்ட் மீ’, ‘மை பாஸ்’ என்று குடும்பப் படமும் நகைச்சுவையும் எடுத்தார். 2013-ல் பிருத்விராஜ் நடித்த ‘மெமரீஸ்’ வந்தது. அதைத்தான் தமிழில் ‘ஆறாது சினம்’ என்று எடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 19-ல் வந்தது ‘திருஷ்யம்’.

மர்மப் படம் என்றால் கொலை செய்தது யார் என்று கடைசிவரை மறைப்பார்கள். இவர் மறைக்கவில்லை. என்ன நடந்தது, யார் செய்தது என்பதெல்லாம் நம் கண்முன்னே நடந்துவிடுகிறது. போலீஸுக்குத்தான் தெரியாது. அதனால் நாம் துப்பறிவதில்லை. அதை மறைக்கும் குடும்பத்தோடு சேர்ந்து பயப்படுகிறோம்.

அந்தக் குடும்பத்தின் தலைவர், மோகன்லால் நடித்த ஜார்ஜுகுட்டி, கேபிள் டிவி நடத்துபவர்; நான்காம் வகுப்பைத் தாண்டாதவர். அவர் செய்யும் வேலையைக் கவனியுங்கள். குடும்பத்தோடு தியானத்துக்குப் போகிறார், லாட்ஜில் தங்குகிறார், ஹோட்டலில் சாப்பிடுகிறார், சினிமா பார்க்கிறார். எல்லாம் உண்மையாகவே நடந்தவை. பொய் தேதியில் மட்டும்தான். பிறகு அதே ஆட்களை மறுபடி போய்ப் பார்த்து, பேச்சுவாக்கில் வேறு தேதியை அவர்கள் நினைவில் ஏற்றிவிடுகிறார். பஸ் கண்டக்டரும் ஹோட்டல்காரரும் போலீஸிடம் பொய் சொல்லவில்லை. தாங்கள் நம்பியதைச் சொன்னார்கள். முகம் மறக்காது, தேதி மறந்துபோகும் என்ற எளிய மனித இயல்பின் மேல் ஒரு முழுத் திரைக்கதையை நிறுத்தியிருக்கிறார். இந்திய சினிமாவில் இதைவிடக் கச்சிதமான அலிபியை நான் பார்த்ததில்லை.

முதல் பாதி இழுக்கிறது என்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. டீக்கடைப் பேச்சும், ஜார்ஜுகுட்டியின் சிக்கனமும், கான்ஸ்டபிள் சகதேவனின் பகையும் அங்கேதான் விதைக்கப்படுகின்றன. அந்த ஒரு மணி நேரம் இல்லையென்றால் பின்பாதியில் நமக்கு நெஞ்சு படபடக்காது.

2015-ல் வந்த ‘பாபநாச’த்தையும் அவரே இயக்கினார். ஜெயமோகனின் வசனத்தில் தென்மாவட்டத் தமிழ் உயிரோடு ஒலித்தது. கடைசியில் அதே வேடத்தில் கமல் உடைந்து அழுகிறார். மோகன்லால் அங்கே அடக்கித்தான் வாசித்திருந்தார். இரண்டில் எனக்குப் பிடித்தது அடக்கம்தான். கன்னடம், தெலுங்கு, இந்தி, சிங்களம், சீனம் வரை இந்தக் கதை போனது. 2021-ல் இரண்டாம் பாகம் நேராக அமேசான் பிரைமில் வந்தது.

2022-ல் வந்த ‘கூமன்’ நம் எல்லைப்புறத்துக் கதை. கேரளமும் தமிழகமும் சேரும் ஒரு கிராமத்தில், மனத்தில் வஞ்சம் வைத்துக்கொண்டு இரவில் திருடப் போகும் போலீஸ்காரனாக ஆசிஃப் அலி. முன்பாதி அருமை. பின்பாதியில் மாந்திரீகம், தொடர்கொலை என்று போய்க் கதை கை நழுவுகிறது.

‘திருஷ்யம்’ மீதும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஜார்ஜுகுட்டியின் மகள் குளிப்பதைத் திருட்டுத்தனமாகப் படம்பிடித்து ஒருவன் மிரட்டுகிறான். அவமானம் அவனுக்கு அல்லவா? படத்தில் அவளைத்தான் அது சூழ்கிறது. போலீஸில் சொல்லலாம், நீ தலைகுனிய வேண்டாம் என்று அந்த வீட்டில் ஒருவர்கூட அவளிடம் சொல்வதில்லை. அப்பாவின் சாமர்த்தியத்துக்குக் கைதட்டும் வேகத்தில் நாமும் அவளை மறந்துவிடுகிறோம்.

சரியாகப் பத்து ஆண்டு கழித்து, 2023 டிசம்பரில், ‘நேரு’ வந்தது. வழக்கறிஞர் சாந்தி மாயாதேவியோடு சேர்ந்து எழுதிய படம். பார்வையில்லாத சிற்பி சாராவாக அனஸ்வரா ராஜன். தன்னை வன்கொடுமை செய்தவனின் முகத்தைத் தொட்டுணர்ந்த நினைவிலிருந்து களிமண்ணில் வடிக்கிறாள். இங்கும் குற்றவாளி யாரென்று நமக்கு ஆரம்பத்திலேயே தெரியும். நீதிமன்றம் நம்புமா என்பதுதான் பதைப்பு. எதிர்த்தரப்பு வக்கீல் துருவித் துருவிக் கேட்கும் அசிங்கமான கேள்விகளுக்கெல்லாம் அவள் நின்று பதில் சொல்கிறாள். மோகன்லால் இங்கே, வழக்காடும் நம்பிக்கையை இழந்திருந்த வக்கீல். அவளுக்காகப் பேசுகிறார், ஆனால் படத்தின் மையம் அவள்தான்.

முந்தைய படத்தில் ஒரு மகளை அப்பா காப்பாற்றினார். இந்தப் படத்தில் ஒரு மகள் தானே சாட்சி சொன்னாள். சாமர்த்தியத்தில் ‘திருஷ்யம்’ ஒரு படி மேலே நிற்கலாம். ஆனால் ஜீத்து ஜோசப்பின் பெரிய படம் எதுவென்று கேட்டால் ‘நேரு’ என்றுதான் சொல்வேன்.

பார்க்காதவர்கள் பாருங்கள். வீட்டில் வளர்ந்த பெண் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் உட்காரவைத்துப் பாருங்கள். முடிந்ததும் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.