இரத்தம் கொட்டும்போது நம் கை செய்ய வேண்டியது





தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போதெல்லாம் தொப்பூர் கணவாயைக் கடக்கிறோம். இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி முன்னால் போன வண்டிகளை இடித்தது என்ற செய்தி நமக்குப் பழகிவிட்டது. விபத்து நடந்த இடத்தில் சுற்றி நிற்பவர்கள் பலர். கை கொடுப்பவர்கள் சிலர். என்ன செய்வதென்று தெரியாதது ஒரு காரணம். போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டிவருமோ என்ற பயம் இன்னொன்று.

முதலில், செய்ய வேண்டியது. வளர்ந்தவர் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம்தான் இருக்கிறது. பெரிய இரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். எனவே ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். இன்னொருவர் துண்டோ துப்பட்டாவோ, சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் பலமாக அழுத்தட்டும். கையில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்வது நல்லது. நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்த வேண்டும். கம்பியோ கண்ணாடியோ குத்தியிருந்தால் பிடுங்காமல், அதன் இருபுறமும் அழுத்த வேண்டும். அடிபட்டவருக்குக் குடிக்க எதுவும் தர வேண்டாம்.

கை, காலில் எவ்வளவு அழுத்தியும் நிற்காவிட்டால் மட்டும், காயத்துக்கு மேலே அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மெல்லிய கயிறு வேண்டாம்.

குர்பானி நாளில் கத்தி பட்டாலும் முதல் வேலை அழுத்துவதுதான். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். காயத்தில் அழுக்குச் சேர்ந்து சீழ் பிடிக்கும்.

அடுத்து, பயம். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவர் மீது வழக்கு வராமல் காக்கிறது. பெயர், முகவரி சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. செலவை நினைத்தும் தயங்க வேண்டாம். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அரசு மருத்துவமனைகளிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது கிடைக்கும்.

ஓர் உயிரைக் காப்பதன் மதிப்பை அல்மாயிதா அத்தியாயத்தின் 32-ஆம் வசனத்தில் ஓதியிருக்கிறோம். அங்கே எந்த மதத்தவரின் உயிர் என்ற கேள்வி இல்லை. சாலையில் கிடப்பவர் யாராக இருந்தாலும் அவர் நம் பொறுப்பு.

இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளுக்கு ஒருமுறை அழுத்திக் காட்டுங்கள். வண்டியில் ஒரு சுத்தமான துண்டு வையுங்கள். வல்ல அல்லாஹ் நம் கைகளை உயிர் காக்கும் கைகளாக ஆக்குவானாக. ஆமீன்.